வாய் திறக்காத பன்னிரண்டு பிள்ளைகள்

சின்னப் பிள்ளைகளின் பேச்சைப் பற்றி யாராவது ஆய்வு செய்து அறிக்கை எழுதினால், அச்சுக்குப் போகும் முன் சில சமயம் அதை என்னிடம் அனுப்புவார்கள். ஒழுங்காகச் செய்திருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். எல்லாரும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டி முடிவைப் படிப்பார்கள். நான் அதைக் கடைசியில்தான் படிப்பேன். பிள்ளையிடம் கேள்வி கேட்டது யார், அந்த ஆளைப் பிள்ளைக்கு முன்னமே தெரியுமா, அவர் வருவதற்கு முதல் நாள் பிள்ளைக்கு என்ன சொல்லி வைத்தார்கள் என்று தேடுவேன். மூன்றாவது கேள்விக்கு அநேகமாக எந்த அறிக்கையிலும் பதில் இருக்காது. பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பி அனுப்பிவிடுவேன். இதனால் எனக்குச் 'சள்ளை பிடித்த மனுஷி' என்று ஒரு பெயர் உண்டு. எனக்கு அதில் வருத்தம் இல்லை, உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை. இருபத்திரண்டு வயதில், ஒரு தேயிலைத் தோட்டத்தில் நன்றாக மூக்குடைபட்டதால் வந்தது.

அப்போது உயர்தரம் முடித்து, டைப்பிங் படித்து, கண்டியில் கிளார்க்காக இருந்த அப்பாவின் தலையைத் தின்றுகொண்டு வீட்டில் இருந்தேன். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக் கடையின் மேல்மாடியில், ஓர் ஆய்வுத் திட்டத்தின் ஆபீஸ் இருந்தது. இரண்டு மேசை, நாலு கதிரை, ஒரு அலுமாரி நிறைய வெற்றுக் கசெட்டுகள். மூன்று, மூன்றரை வயதுப் பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள் என்று பதிவு செய்து எழுதுவது அவர்கள் வேலை. நடத்தியவர் யாழ்ப்பாணத்து மேடம் ஒருவர், வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். தோட்டத்துக்குப் போய் வரத் தயாராக இருக்கும் ஒரு தமிழ்ப் பெண் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். ஒரு பந்தி எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.

"வடிவான எழுத்து. திங்கக்கிழமை வாரும்" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

கையெழுத்து அழகாக இருப்பவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எழுதியது அழகாக இருந்தால் அது சரியாகவும் இருக்கும் என்று நம்பிவிடுவோம். எனக்கு அந்த நோய் முற்றிப் போயிருந்தது.

வேலை சுலபம்தான். பிள்ளையைப் பாயில் உட்கார வைத்து எதிரில் நானும் உட்கார வேண்டும். மாடு, குடை, சீப்பு, பஸ் என்று இருபது பட அட்டைகள். ஒவ்வொன்றையும் காட்டி "இது என்ன?" என்று இரண்டு தரம் கேட்க வேண்டும். பதில் வராவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணிவிட்டு அடுத்த அட்டைக்குப் போக வேண்டும். உதவி செய்யக் கூடாது, சிரித்து மயக்கக் கூடாது. அதன் பிறகு சில விளையாட்டுச் சாமான்களைக் கொடுத்து இருபது நிமிடம் பேசவிட வேண்டும். எல்லாம் ரெக்கோடரில் பதியும். ஆபீசுக்கு வந்து ஒரு சொல் விடாமல் எழுதுவேன். மேடம் தட்டச்சில் கொடுத்த விதிகளை நான் மனப்பாடமாகவே வைத்திருந்தேன். ஒரு விரற்கடை பிசகமாட்டேன்.

முதலில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு நேர்சரிக்குப் போனேன். அங்கே பிள்ளைகள் என்னைப் பேசவிடவில்லை. மாட்டைக் காட்டினால் மாமா வீட்டு மாடு, மாமாவின் லொறி, லொறி பள்ளத்தில் விழுந்தது என்று ஒரே பிரசங்கம். எழுதி எழுதி என் விரல் வீங்கியது. அடுத்த மாதம் பன்விலைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்குப் போனேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைப்பிள்ளைகளையும் சின்னதுகளையும் விட்டுப்போகும் இடம் அது. பார்த்துக்கொள்வதற்கு ஓர் ஆயம்மா இருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்னொரு காலத்தில் மலையில் சறுக்கி விழுந்து கணுக்கால் முறிந்து, அது கோணலாகப் பொருந்திவிட்டது. மேட்டில் ஏற முடியாது என்பதால் இந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடப்பார்.

நான் போன அன்று பிள்ளைகள் குளித்து, எண்ணெய் வைத்துத் தலைவாரி, முகத்தில் பவுடர் அப்பி, உயர வரிசைப்படி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டு பேர். கைகட்டி வாய்பொத்தி என்று சொல்வோமே, அதேதான். மாடு காட்டினேன், பதில் இல்லை. குடை காட்டினேன், இல்லை. பத்து வரை எண்ணினேன். அடுத்த அட்டை. விளையாட்டுச் சாமானைக் கொடுத்தால் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்கள். ஒன்றிரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒரு பிள்ளை "ம்" என்றது. மூன்று நாள் போய் வந்தேன். மூன்று நாளும் இதே கதைதான். போகும்போதெல்லாம் ஆயம்மா எனக்குப் பிளேன்டீயும் ரொட்டியும் தந்து, வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

வத்தேகம வழியாக பஸ்ஸில் இறங்கி வரும்போது 'பாவம், தோட்டத்துப் பிள்ளைகள்' என்று நினைத்துக்கொண்டே வந்தேன். இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். என் அம்மா ஹுன்னஸ்கிரியப் பக்கம் தோட்டத்து லயத்து வீடொன்றில் பிறந்தவர். நாங்கள் மலையை விட்டு இறங்கி டவுனுக்கு வந்து ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. இறங்கி வந்தவர்களுக்கு, மேலே இருப்பவர்கள் கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறார்கள் என்று கேட்டால் உள்ளூர ஒரு சுகம். அந்தச் சுகம் எனக்கும் இருந்தது. ஆகவே அந்த மௌனத்தை நான் கேள்வி கேட்கவேயில்லை. பன்னிரண்டு தாள்களில், மேலே பிள்ளையின் இலக்கம், கீழே 'பதில் இல்லை', 'பதில் இல்லை' என்று முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். மேடம் அவற்றைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார்.

இந்தத் திட்டத்துக்கு உதவி செய்த ஒரு சபை இருந்தது. தோட்டப் பிள்ளைகளின் நலனுக்காக என்று ஏற்பட்டது. அவர்களுக்கு அவசரம். முதல் வரைவைக் கேட்டு வாங்கிப் படித்தார்கள். தோட்டப் பிள்ளைகளின் பேச்சு வளர்ச்சி பின்தங்கியிருப்பதாகத் தெரிகிறது என்று அதில் ஒரு வரி இருந்தது. இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது. படிக்காத ஒரு பெண்ணின் பொறுப்பில் பிள்ளைகளை விடுவதுதான் காரணம், அறிக்கை முடிந்ததும் அவரை மறுபடி மலைவேலைக்கு அனுப்பிவிட்டுச் சான்றிதழ் உள்ள ஒருவரை வைக்கும்படி தோட்டத்துக்குச் சிபாரிசு செய்யப்போகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

மேடம் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினார். அந்தக் காலை வைத்துக்கொண்டு ஆயம்மா எப்படி மலை ஏறுவார் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் அடுத்த கணமே, நாம் என்ன செய்வது, பிள்ளைகள் பேசவில்லையே, பொய்யா எழுதினோம் என்று மனம் சமாதானம் சொல்லிக்கொண்டது.

"இதில ஒரு மனிசியின்ர சீவியம் இருக்கு. ரெண்டாம் காது கேக்கட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்" என்றார் மேடம்.

இரண்டாம் காது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். ஒருவர் கேட்டு எழுதிய கசெட்டை இன்னொருவர், முதல் தாளைப் பார்க்காமல், தனியாகக் கேட்டு எழுத வேண்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். எங்கள் இரண்டாம் காது, பாலத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு முஸ்லிம் டீச்சர். ஓய்வு பெற்றவர். வீட்டில் முறுக்குப் பிழிந்து கடைகளுக்குக் கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எங்களுக்குக் கசெட் கேட்பார். தோட்டத்துக் கசெட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, "டீச்சர், இதுல ஒண்ணும் இல்ல, லேசான வேலை" என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்படிச் சொன்னதே தப்பு. இரண்டாம் காதிடம் முதல் காது வாய் திறக்கக் கூடாது.

நாலு நாள் கழித்துப் போனேன். இரண்டு கசெட்டுக்கு என்னைப் போலவே எழுதியிருந்தார். கடைசிக் கசெட்டுக்கு மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்.

"எனத்துக்கு மகள் ஒண்டும் இல்லண்டு சொன்னீங்க? இதுல சந்தையே ஈக்கி" என்றார். ஒரு சந்தையே இருக்கிறதாம்.

நடந்தது இதுதான். டீச்சர் மாவு பிசைந்துகொண்டே கேட்டிருக்கிறார். என் பதிவு முடிந்து, "சரி, முடிஞ்சிச்சி, எல்லாரும் நல்ல புள்ளைங்க" என்று நான் சொல்லும் இடத்தில் வழக்கமாக நிறுத்திவிடுவார். அன்று கை முழுக்க மாவு. கசெட் பாட்டுக்கு ஓடியிருக்கிறது. நானும் அன்று ரெக்கோடரை நிறுத்த மறந்து, அட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு, கை கழுவ வெளியே பீலித் தண்ணீருக்குப் போயிருக்கிறேன். டீச்சர் கசெட்டைத் திரும்பச் சுற்றி எனக்குப் போட்டுக் காட்டினார்.

என் செருப்புச் சத்தம் தேய்ந்து போகிறது. பிறகு ஒரு சின்னக் குரல்: "போயிட்டாங்களா?"

இன்னொரு குரல்: "போயிட்டாங்க."

"இப்ப பேசலாமா ஆயம்மா?"

ஆயம்மாவின் குரல்: "பேசு ராசாத்தி. இனிப் பேசுங்க."

அதன் பிறகு வெடித்தது பாருங்கள் ஒரு சத்தம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் அட்டைகளைப் பற்றித்தான் பேச்சு. அந்த மாட்டுக்கு மடியே இல்லை, அது எப்படிப் பால் கறக்கும் என்று ஒருவன் கேட்டான். அது எருது, எருதுக்கு மடி இருக்காது என்று இன்னொருத்தி சண்டைக்குப் போனாள். பஸ்ஸில் போர்ட் இல்லை, அது எங்கே போகிற பஸ் என்று ஒரு குரல். அந்தச் சீப்பில் பல் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, நம் வீட்டுச் சீப்பில் நாலு பல் இல்லை என்று ஒரு குரல். இருபது அட்டையில் ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை. என் சேலையைப் பற்றியும் ஒரு கருத்துச் சொன்னார்கள். அதை இங்கே எழுதப் போவதில்லை.

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. "டீச்சர், பதிவு முடிஞ்ச பொறகு வர்றது கணக்குல வராது. விதி அப்படி" என்றேன்.

"கணக்குல வராட்டியும் காதுல வந்தீச்சே மகள்" என்றார் டீச்சர், மாவைத் திருப்பிப் போட்டுக்கொண்டு.

அந்தத் தாள்களை வாங்கிக் கைப்பையில் வைத்தேன். இரண்டு நாள் வெளியே எடுக்கவில்லை. மேடத்திடம் காட்டினால் என் மூன்று நாள் உழைப்பும் என் பன்னிரண்டு முத்து முத்தான தாள்களும் குப்பை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ஆனால் சாப்பிட உட்கார்ந்தால் "இப்ப பேசலாமா ஆயம்மா" என்ற குரல் கேட்டது. மூன்றாம் நாள் காலையில் ஆபீசுக்குப் போகாமல் பன்விலை பஸ்ஸில் ஏறினேன்.

என்னைக் கண்டதும் ஆயம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. வாசலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "என்னா மிஸ், எங்க புள்ளைங்க பாஸா?" என்று கேட்டார்.

விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்தது. 'மொழி ஆய்வுக் குழு வருகிறது, ஒத்துழைக்கவும்' என்று நாங்கள் தோட்டத்து ஆபீசுக்கு மரியாதையாகக் கடிதம் அனுப்பியிருந்தோம். அது ஆபீசிலிருந்து கணக்கப்பிள்ளைக்கு வந்து, அவரிடமிருந்து ஆயம்மாவுக்கு வரும்போது, "பெரிய ஆளுங்க மடுவத்தப் பரிசோதிக்க வர்றாங்க, ஒழுங்கா வச்சுக்க" என்று ஆகியிருந்தது. தோட்டத்தில் வெள்ளைச் சட்டை போட்டவர் யார் வந்தாலும் சத்தம் போடாமல் நிற்பதுதான் ஒழுங்கு. போன வருடம் ஒரு பரிசோதனைக்கு ஆள் வந்தபோது பிள்ளைகள் கத்திவிட்டார்களாம், ஆயம்மாவுக்கு நல்ல ஏச்சு விழுந்ததாம்.

"அதான் மிஸ், இந்தத் தடவ ஒரு கெழம பழக்கினேன். வாயில வெரல வச்சி உக்கார வச்சி, நாந்தான் வெளிய போயி உள்ள வந்து, பெரிய ஆளு மாதிரி நடிச்சிக் காட்டினேன். நீங்க அத்தன கேள்வி கேட்டீங்களே, ஒரு புள்ள வாயத் தொறந்துச்சா?" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நான் அளந்தது பிள்ளைகளின் பேச்சை இல்லை, ஆயம்மாவின் ஒரு வார உழைப்பை. அதில் அவர் நூற்றுக்கு நூறு வாங்கியிருந்தார். அதற்குப் பரிசாக அவரை மலைக்கு அனுப்பப் போகிறார்கள். சபையின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் தன் காலைக் குனிந்து பார்த்தார். "நா நல்லதுன்னுதானே செஞ்சேன் மிஸ்" என்றார்.

அன்று பின்னேரமே மேடத்தின் முன்னால் தாள்களை வைத்தேன். இரண்டு நாள் ஒளித்து வைத்ததையும் சொன்னேன். எனக்கு வேலை போனாலும் பரவாயில்லை, அந்த வரியை வெட்டுங்கள், தோட்டப் பிள்ளைகள் நன்றாகப் பேசுகிறார்கள் என்று மாற்றி எழுதுங்கள் என்று படபடவென்று பொரிந்தேன். கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது.

மேடம் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்: "நீர் இப்ப அந்த மனிசிக்காகக் கதைக்கிறீரோ, அந்தக் கசெட்டுக்காகக் கதைக்கிறீரோ?"

நான் தாள்களை எடுத்து ஓரம் சேர்த்து அடுக்கினேன்.

"போன மாசம் பேசேல்லை எண்டு எழுதினீர். அதை நம்பினம். இண்டைக்குப் பேசுதுகள் எண்டு சொல்லுறீர். ஒரு கசெட்டின்ர வாலை வச்சு இதையும் நம்பச் சொல்லுறீர். ரெண்டும் ஒரே பிழைதான். வெட்டுறது சரி. ஆனா இடத்தை நிரப்ப ஏலாது. திரும்பச் செய்வம்" என்றார்.

கோபம் வந்தது, கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. அவர் சொன்னது சரி என்று தெரிந்ததும் மனதில் ஒரு நிம்மதி வந்தது. அவர் என்னை ஏசவும் இல்லை. விதிகளை எழுதிய நானும்தான் பிழை விட்டேன், வருகையைக் கடிதம் போட்டு அறிவித்தது நானல்லவா என்றார். இன்னொன்றும் சொன்னார். நேர்சரிக்குப் போய், நான் போவதற்கு முன்னால் அங்கே பிள்ளைகளுக்கு என்ன சொல்லி வைத்தார்கள் என்று கேட்டுவரச் சொன்னார். போய்க் கேட்டேன். "ஒரு மிஸ் படம் கொண்டு வருவாங்க, எல்லாரும் நல்லாப் பேசிக் காட்டணும்னு சொல்லிக் குடுத்தோம்" என்றார்கள். ஆக, ஓரிடத்தில் பேசாதே என்று பழக்கியிருந்தார்கள், மற்ற இடத்தில் பேசு என்று பழக்கியிருந்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்து பத்து வரை எண்ணியிருக்கிறேன்.

அடுத்த முறை எப்படிச் செய்வது என்று மேடம், இரண்டாம் காது டீச்சர், நான் மூன்று பேரும் உட்கார்ந்து முன்கூட்டியே எழுதினோம். ரெக்கோடரை ஒரு கூடையில் வைத்து, பிள்ளைகளுக்கு அது பழகும்வரை ஒரு வாரம் சும்மா விட்டுவைப்பது. கேள்வியை நான் கேட்பதில்லை. மடுவத்தில் ஆயம்மா, நேர்சரியில் அங்குள்ள டீச்சர், தங்கள் பாட்டில், அங்கே இருக்கும் சாமான்களைக் காட்டியே கேட்பது. இரண்டு இடத்திலும் அதேபோல. எல்லாக் கசெட்டையும் கடைசிவரை இரண்டு காதும் கேட்பது. முடிவு யாருக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஒரு பிள்ளையையும் விடுவதில்லை. கீழே மூவரும் கையெழுத்துப் போட்டோம். சபைக்கு மேடம் தவணை கேட்டு எழுதினார். அவர்கள் முறுமுறுத்துக்கொண்டு கொடுத்தார்கள்.

ஆயம்மாவுக்கு இந்த முறை விளக்கமாகச் சொன்னோம். இது அவரைச் சோதிக்க இல்லை, பிள்ளைகள் எப்போதும்போல இருக்க வேண்டும், அவ்வளவுதான். "சத்தம் போடலாமா?" என்று மூன்று தரம் கேட்டார். அந்த ஒரு வாரம் நான் மடுவத்தில் ஒரு மூலையில் பிய்ந்த பாய்களைத் தைத்துக்கொண்டு கிடந்தேன். இரண்டாம் நாளே என்னை யாரும் மதிக்கவில்லை. மூன்றாம் நாள் ஒருவன் என் முதுகில் ஏறினான். அந்த வாரத்தைப் போல நான் சந்தோஷமாக வேலை செய்த வாரம் வேறில்லை. பதிந்தோம், கேட்டோம், எழுதினோம். இரண்டாம் காது டீச்சரின் தாளும் என் தாளும் அநேகமாக ஒத்துப்போயின. பிள்ளைகள் பேசினார்கள். நேர்சரிப் பிள்ளைகளைவிடச் சிலர் கூட, சிலர் குறைவு. மூன்று வயதுப் பிள்ளைகள் எங்கேயும் பேசுகிறபடி பேசினார்கள்.

பதினொரு பேர் அப்படி. பன்னிரண்டாவது பிள்ளை, ரெட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, இந்த முறையும் பேசவில்லை. முந்தின பதிவில் எல்லாருமே வாய் மூடி இருந்ததால் அவளை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. "அவ ரொம்ப சமத்து மிஸ். எந்நேரமும் இப்படித்தான், ஒரு தொந்தரவும் கெடையாது" என்றார் ஆயம்மா. பேசாத பிள்ளை இருந்தால் செய்து பார்க்கும்படி இந்த முறை மேடம் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தபடி, அவள் செங்கல் அடுக்கி விளையாடும்போது பின்னால் போய் ஒரு பிஸ்கட் டின் மூடியைச் சிமெந்துத் தரையில் போட்டேன். தொட்டிலில் கிடந்த கைப்பிள்ளைகள் விழித்து வீரிட்டு அழுதன. அவள் அடுத்த கல்லை எடுத்து வைத்தாள். இன்னொரு தரம் போட்டேன். திரும்பவில்லை.

ஆயம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காலை இழுத்துக்கொண்டு போய், அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் எழும்பவேயில்லை.

எனக்கு அன்று மனம் சஞ்சலப்பட்டது. இதை எழுதினால் சபையின் வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. தினமும் பார்க்கிற பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றே தெரியாத ஒரு பெண்ணிடமா பிள்ளைகளை விடுவது என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட்ட தாள் ஞாபகம் இருந்தது. இருந்தும் ஆயம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, இவள நான் எழுதல்ல. பதிவன்னைக்கு வரல்லன்னு போட்டுர்றேன். எழுதினா உங்க வேலைக்குத்தான் கஷ்டம்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எழுதாட்டி இவள யாரு மிஸ் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போவாங்க? ஆபீஸ்ல நா சொன்னா கேப்பாங்களா? நீங்க எழுதினா கேப்பாங்க. எழுதுங்க" என்றார்.

அவர் வேலை போகவில்லை, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சபைக்காரர்கள் அறிக்கையைப் படித்துவிட்டு, அவரை ஆறு வாரப் பயிற்சிக்கு அனுப்பி, அதே இடத்திலேயே வைத்துக்கொண்டார்கள். சிறுமியைக் கண்டிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். காதில் வெகுகாலம் சீழ் கட்டியிருந்தது. மருந்தில் ஒரு காது கொஞ்சம் தெளிந்தது, மற்றதற்குக் கருவி கொடுத்தார்கள். ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அறிக்கையை அனுப்புவதற்கு முதல் நாள் என்ன நடக்கும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அன்று வரைவை மடுவத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன். ஆயம்மாவைப் பற்றி எழுதியிருப்பதை அவருக்கே வாசித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தார் மேடம். நான் வாசித்தேன். பேசிய பிள்ளைகளைப் பற்றிய பகுதிக்கெல்லாம் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு அந்த இடம் வந்தது. சிறுமிக்குச் சில மாதங்களாகக் காது கேட்கவில்லை, பராமரிப்பாளர் அதைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தேன். அந்தச் 'சில மாதங்கள்' என் சொந்தச் சரக்கு. அவருக்காக இரக்கப்பட்டு, ஒருவரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி, அழகான எழுத்தில் போட்டிருந்தேன்.

"சில மாசம் இல்ல மிஸ்" என்றார் ஆயம்மா. "ஒன்னர வயசுல வாய் நெறய பேசினவ. காய்ச்சல் வந்து போன பொறகுதான் அடங்கினா. ரெண்டு வருசம். நா சமத்துன்னு நெனச்சிக்கிட்டேன். மாத்துங்க."

"அக்கா, அது உங்களுக்குத்தான்..."

"டாக்டருக்குத் தெரிய வேணாமா? மாத்துங்க மிஸ்."

பேனையை எடுத்துச் 'சில மாதங்களாக' என்பதை வெட்டி, மேலே இலக்கத்தில் எழுதினேன். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது, இலக்கம் மட்டும் தெரியும். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, நான் எழுதிய இடத்தில் விரலை வைத்தார்.

"இது ரெண்டுதானே?"

"ரெண்டுதான் அக்கா" என்றேன்.